ஈராசிரியர் பள்ளிக்குப் புதிதாக வரும் பெற்றோருக்கு: ஜூன் முதல் ஏப்ரல் வரை

வேலை மாறுதலாலோ, நகரத்து வாடகை கட்டுப்படியாகாமலோ, வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேண்டியோ ஒரு சிற்றூருக்குக் குடிவந்து, அங்குள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும் குடும்பங்கள் முதல் ஆண்டில் பெரும்பாலும் ஒரே குறையைச் சொல்வார்கள்: "பள்ளியில் என்ன நடக்கிறதென்று எங்களுக்கு யாரும் சொல்வதில்லை." நாட்குறிப்பேட்டிலும் குறுஞ்செய்தியிலும் எல்லாம் வந்துசேர்ந்து பழகியவர்களுக்கு இது நியாயமான குறையாகவே தோன்றும். ஆனால் 30 அல்லது 40 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் செய்தி அனுப்புவதற்கென்று அலுவலகமோ எழுத்தரோ கிடையாது. செய்தி இருக்கும் இடத்துக்கு நாம்தான் போக வேண்டும். எந்த மாதத்தில், எந்த இடத்துக்கு, யாரிடம் போக வேண்டும் என்பதையே இங்கு வரிசையாக எழுதுகிறேன். என் பிள்ளைகள் இருவரும் அப்படியொரு பள்ளியில் படித்தவர்கள். நானும் 2 ஆண்டுகள் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்தேன்.

சேர்க்கைக்கு முன்: பள்ளியின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்

2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி, ஒரு தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்களும், 90 வரை 3 ஆசிரியர்களும் இருக்க வேண்டும். இதனால்தான் சிற்றூர்ப் பள்ளிகளில் பல ஈராசிரியர் பள்ளிகளாக இருக்கின்றன. அந்த இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். 5 வகுப்புகளையும் இருவரும் பங்கிட்டு நடத்துவதோடு, வருகைப் பதிவும், எமிஸ் என்னும் பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் விவர இணையதளத்தில் பதிவேற்றமும், விலையில்லாப் பொருள்களின் கணக்கும், சத்துணவு மேற்பார்வையும் அவர்கள் தலையில்தான் விழுகின்றன. ஒருவர் பயிற்சிக்கோ சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்கோ போய்விட்டால், அன்றைக்குப் பள்ளி முழுவதும் மற்றவர் பொறுப்பு.

இதைத் தெரிந்துகொண்டால் சில காரியங்கள் தாமாகவே விளங்கிவிடும். வகுப்பு நேரத்தில் ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்தால் அவர் ஒரு வகுப்பை அல்ல, இரண்டு மூன்று வகுப்புகளை நிறுத்திவிட்டுத்தான் பேசுகிறார். ஆகவே கேட்க வேண்டியதைக் காலையில் மணியடிப்பதற்கு முன்போ மாலையில் பள்ளி விட்ட பிறகோ நேரில் போய்க் கேளுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் கிடைக்கும் தகவல் எந்தச் சுற்றறிக்கையிலும் கிடைக்காது.

சேர்க்கைக்குப் பிறப்புச் சான்றிதழ், ஆதார் எண், சாதிச் சான்றிதழ், ஒளிப்படம் ஆகியவற்றைக் கேட்பார்கள். அவற்றில் ஒன்று கையில் இல்லையென்றாலும் தயங்காமல் போகலாம். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. வேறு பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் அதைக் காரணமாகக் காட்டிச் சேர்க்காமல் இருக்கக் கூடாது. நடைமுறையில் உண்மையான சிக்கல் எமிஸ் எண்ணில்தான் வரும். முன்பு படித்த பள்ளி அந்த எண்ணைத் தன் கணக்கிலிருந்து பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி அதை எடுத்துக்கொள்ள முடியும். என் மூத்த மகள் முன்பு படித்த பள்ளி, பெயர் வேண்டாம், அந்த எண்ணை விடுவிக்க 3 வாரங்கள் இழுத்தடித்தது. அதுவரை அவள் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் கணக்கில் இல்லை. பழைய பள்ளியிலிருந்து கிளம்பும் நாளிலேயே, "எமிஸில் விடுவித்துவிட்டீர்களா?" என்று கேட்டுத் திரையில் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஜூன்: பொருள்களும் பருவங்களும்

பள்ளி திறந்த முதல் வாரங்களில் பாடநூல், குறிப்பேடு, சீருடை, புத்தகப்பை, காலணி, வண்ணப் பென்சில் போன்றவை விலையில்லாமல் கிடைக்கும். மலைப்பகுதிப் பள்ளிகளில் கம்பளிச் சட்டையும் உண்டு. எல்லாம் ஒரே நாளில் வந்துவிடாது. சீருடை அளவெடுத்துத் தைக்கப்படுவதால் பெரும்பாலும் பின்தங்கும், காலணி அளவு மாறி வருவதும் வழக்கம். அளவு சரியில்லையென்றால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் மாற்றித் தர வேண்டிய காலணிகளை ஆசிரியர் ஒரே மூட்டையாகத்தான் திருப்பி அனுப்புவார்.

பாடநூலைப் பார்த்ததும் புதியவர்கள் "இவ்வளவு மெலிதாக இருக்கிறதே" என்பார்கள். 2012-13 கல்வியாண்டில் தமிழ்நாட்டில் முப்பருவ முறை வந்த பிறகு தொடக்க வகுப்புகளில் ஆண்டு முழுவதற்குமான சுமை ஒரே புத்தகத்தில் வருவதில்லை. முதல் பருவம் ஜூன் முதல் செப்டம்பர் வரை, இரண்டாம் பருவம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மூன்றாம் பருவம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. பள்ளியின் செய்திகளும் இந்த மூன்றின் தாளத்தில்தான் ஓடும். ஒவ்வொரு பருவத்தின் கடைசி இரண்டு வாரங்களில் தேர்வு, விடுமுறை, அடுத்த பருவப் புத்தகம் ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடும் என்பதால் அந்த நாள்களில் வெளியூர்ப் பயணம் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு தரையில் வட்டமாக உட்கார்ந்திருப்பதைச் சன்னல் வழியே பார்த்துவிட்டு, "என் பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டார்கள்" என்று சண்டைக்குப் போனவர்களை நான் அறிவேன். அது 2022 ஜூனில் 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளுக்காகத் தொடங்கப்பட்டு, அடுத்த ஆண்டு 4, 5 வகுப்புகளுக்கும் விரிவாக்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்தின் முறை. பிள்ளைகள் வகுப்பைக் கொண்டு அல்லாமல், அந்தப் பாடத்தில் இப்போது எட்டியிருக்கும் நிலையைக் கொண்டு அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கப்படுகிறார்கள். தமிழில் மலராக இருக்கும் பிள்ளை கணக்கில் மொட்டாக இருக்கலாம். ஆசிரியரிடம் "என் மகன் எத்தனை மார்க்?" என்று கேட்பதைவிட "எழுத்துக்கூட்டாமல் வாசிக்கிறானா? கடன் வாங்கிக் கழிக்கத் தெரிகிறதா?" என்று கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும், வீட்டில் என்ன செய்யலாம் என்பதும் அந்தப் பதிலிலேயே இருக்கும்.

செய்தி எங்கே கிடைக்கும்?

வாட்ஸ்அப் குழு பெரும்பாலான பள்ளிகளில் உண்டு. சேர்ந்த அன்றே எண்ணைக் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பினால் பாதிச் செய்திதான் வரும். வாழ்த்துப் படங்களும் நில விளம்பரங்களும் குவிந்து ஆசிரியர் போட்ட ஒரு வரி மேலே போய்விடும். எங்கள் குழுவில் ஆசிரியர்கள் மட்டும் பதிவிடலாம் என்று மாற்றிய பிறகுதான் அது உருப்பட்டது. புதியவராக இருந்தாலும் இந்த யோசனையைக் கூட்டத்தில் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அதைவிட நம்பகமான இடம் காலை வழிபாட்டுக் கூட்டம். தமிழ்த்தாய் வாழ்த்து, திருக்குறள், உறுதிமொழி ஆகியவற்றுக்கு நடுவே ஒரு பிள்ளை அன்றைய செய்திகளை வாசிக்கும். அதன் கடைசியில் தலைமையாசிரியர் பள்ளியின் அறிவிப்புகளைச் சொல்லுவார். பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டு உடனே வண்டியைத் திருப்பாமல் வாரத்துக்கு ஒரு நாள், திங்கட்கிழமையானால் மிக நல்லது, வேப்பமரத்தடியில் பத்து நிமிடம் நின்று கேளுங்கள். குடற்புழு நீக்க மாத்திரை எந்த நாளில் தருகிறார்கள், கண் பரிசோதனைக்கு மருத்துவக் குழு எப்போது வருகிறது, எந்தச் சனிக்கிழமை பள்ளி உண்டு என்பதெல்லாம் அங்கேதான் முதலில் வெளிவரும். உங்கள் பிள்ளை செய்தி வாசிக்கும் முறை வரும்போது முந்தைய நாள் நாளிதழிலிருந்து 3 செய்திகளை வெட்டி ஒட்டிக் கொடுத்து, வீட்டில் உரக்கப் படிக்க வையுங்கள். பலர் முன்னால் நின்று பேசும் முதல் அனுபவம் பிள்ளைக்கு அதுவாகத்தான் இருக்கும்.

மூன்றாவது இடம் சமையற்கூடம். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் ஆகியவை சாம்பாரோடு நாளுக்கொன்றாக மாறி வரும். அதைச் சமைப்பவர் பொதுவாக அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர். மதியச் சத்துணவு அதற்கு வெகு முந்தியது. 1950களில் காமராசர் தொடங்கிய மதிய உணவை 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கினார், இன்றைக்கு வாரத்தின் 5 பள்ளி நாளும் முட்டை உண்டு, முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருவார்கள். யார் இரண்டாம் முறை சோறு கேட்கிறார்கள், யார் முட்டையை மறைத்து வீட்டிலிருக்கும் தம்பிக்கு எடுத்துப் போகிறார்கள், யார் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது ஆசிரியருக்கு முன்பே சமையலக்காவுக்குத் தெரிந்துவிடும். அவரிடம் ஒரு வார்த்தை பேசிப் பழகிவையுங்கள். பிள்ளைக்கு ஏதேனும் உணவு ஒத்துக்கொள்ளாது என்றால் அதை ஆசிரியருக்குச் சொல்வதோடு அவருக்கும் நேரில் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றை மூடிமறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. சமைப்பவர் எந்தத் தெருவைச் சேர்ந்தவர் என்று விசாரித்து, அதை வைத்துப் பிள்ளையைச் சாப்பிட விடாமல் தடுக்கும் பெற்றோர் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். ஊருக்குப் புதியவர் என்பதால் உங்களிடமும் யாராவது மெல்ல வந்து அந்தப் பேச்சை எடுக்கலாம். அதற்குத் தலையாட்டாதீர்கள். முடிந்தால் ஒருநாள் காலையில் பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு தட்டு கிச்சடி சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அது ஊர் முழுக்கப் பரவ மதியம் வரைகூட ஆகாது.

ஜூலை முதல்: கூட்டத்தில் உட்காருங்கள்

சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022இலும் 2024இலும் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. 2024இல் உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆனது, முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. தலைவர் பெற்றோரில் ஒருவராகத்தான் இருப்பார், தலைமையாசிரியர் அல்லர். இதைப் பல தலைவர்களே மறந்துவிடுகிறார்கள் என்பது என் அனுபவம்.

குழு மாதந்தோறும் கூடும், பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலை. உறுப்பினர் அல்லாத பெற்றோரும் போய்க் கேட்கலாம். முதல் இரண்டு கூட்டங்களில் பேசாமல் கேட்பதே நல்லது என்பேன், ஏனென்றால் குடிநீர்த் தொட்டியைப் பற்றிய பேச்சுக்குப் பின்னால் 10 ஆண்டுப் பழைய வழக்கு ஒன்று படுத்திருக்கலாம். மூன்றாவது கூட்டத்தில் பேசுங்கள். பேசும்போது "கழிப்பறை சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் அது பேச்சோடு போய்விடும். "பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, குழாயில் தண்ணீர் மேலே ஏறவில்லை" என்று சொன்னால் அப்படியே தீர்மானமாக எழுதலாம். தீர்மானப் புத்தகத்தில் ஏறி, அடியில் கையெழுத்தும் விழுந்தால்தான் அதற்கு உயிர்.

அடுத்த கேள்வி அந்தத் தீர்மானம் யாரிடம் போக வேண்டும் என்பது. இங்கேதான் புதியவர்கள் மாதக்கணக்கில் அலைகிறார்கள். ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் கட்டடமும் சுற்றுச்சுவரும் ஒன்றியத்தின் பொறுப்பு, ஆகவே மனு வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் போக வேண்டும். குடிநீர், தெருவிளக்கு, தூய்மைப் பணி ஆகியவை ஊராட்சியோடு தொடர்புடையவை. ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் வட்டாரக் கல்வி அலுவலர். மூன்றையும் ஒரே மனுவில் எழுதினால் மூவருமே "எங்களுடையது இல்லை" என்று சொல்ல இடம் கொடுத்துவிடுகிறோம்.

எதுவும் நகரவில்லையென்றால் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும் அந்தச் சபையில் மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தை வாசித்துப் பதிவுசெய்யச் சொல்லலாம். ஆகஸ்ட் 15 அன்று காலையில் பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்த கையோடு, பெற்றோர் பத்துப் பேர் கலையாமல் அப்படியே கிராம சபைக்கு நடந்தோம். எங்கள் சுற்றுச்சுவர் அன்றைக்குத்தான் எழுத்தில் ஏறியது, கட்டி முடிய மேலும் ஒன்றரை ஆண்டு ஆனது.

அக்டோபரும் மழையும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் காலை 6 மணிக்கே பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இன்று பள்ளி உண்டா? மழை விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர், தலைமையாசிரியர் தாமாக அறிவிக்க முடியாது. பக்கத்து மாவட்டத்துக்கு அறிவித்ததைப் பார்த்துவிட்டு நம் மாவட்டத்துக்கும் விடுமுறை என்று எண்ணிக்கொள்வதும், சென்ற ஆண்டின் அறிவிப்பை யாரோ மறுபடி சுற்றவிடுவதும் ஆண்டுதோறும் நடப்பவை. தேதியையும் மாவட்டத்தின் பெயரையும் படித்துவிட்டு நம்புங்கள். தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள்கள் வேண்டும் என்று சட்டம் வைத்திருப்பதால், மழைக்கு விட்ட நாள்கள் பின்னால் சனிக்கிழமைகளாகத் திரும்பி வரும்.

கூரை ஒழுகுகிறதா, மின்கம்பி தாழ்வாகத் தொங்குகிறதா, பள்ளிக்குப் பின்னால் மூடாத கிணறோ குழியோ இருக்கிறதா என்பதை மழைக்கு முன்பே இரண்டு மூன்று பெற்றோர் சுற்றிப் பார்த்துவிடுவது நல்ல வழக்கம். அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை, தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டுப் போனால் போதும்.

விழாக்களும் கல்விச் சீரும்

காமராசர் பிறந்த ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள். பிறகு சுதந்திர நாள், நவம்பர் 14இல் குழந்தைகள் நாள், பொங்கல் விழா, மூன்றாம் பருவத்தில் ஆண்டு விழா என்று வரிசையாக வரும். சிறிய பள்ளியில் எந்தப் பிள்ளையும் பார்வையாளராக மட்டும் இருக்க முடியாது. 30 பேரில் ஆட்டத்துக்கு 12 பேர், நாடகத்துக்கு 8 பேர், பேச்சுக்கு 10 பேர் என்று எடுத்தால் எல்லோர் பெயரும் வந்துவிடும். வாடகை உடைக்குப் பணம் செலவழிக்கும் போட்டியில் இறங்காதீர்கள். ஒரு குடும்பம் 500 ரூபாய் கொடுத்து உடை எடுத்தால், அதைத் தர முடியாத வீட்டுப் பிள்ளை அன்றைக்குக் காய்ச்சல் என்று வராமல் இருந்துவிடும். வேட்டி, துண்டு, அம்மாவின் சேலை ஆகியவற்றால் ஆக முடியாத வேடம் தொடக்கப் பள்ளியில் இல்லை.

எல்லாவற்றிலும் அழகானது கல்விச் சீர். தாய்மாமன் சீர் கொண்டுவருவதுபோல ஊரார் ஒன்றுகூடி, பள்ளிக்கு வேண்டிய பொருள்களைத் தாம்பாளங்களில் வைத்து, மேளதாளத்தோடு தெருக்களைச் சுற்றிப் பள்ளிக்கு எடுத்துவருவார்கள். வாசலில் ஆசிரியர்கள் சந்தனம், குங்குமம் கொடுத்து வரவேற்பார்கள். பீரோ, நாற்காலி, மின்விசிறி, பாய், தண்ணீர்க் குடம், குறிப்பேடு, பந்து என்று எதுவும் சீராகலாம். உங்கள் ஊரில் இந்த வழக்கம் இல்லையென்றால் குழுவில் பேசித் தொடங்கிவைக்கலாம். அதற்கு முன் தலைமையாசிரியரிடம் தேவைப் பட்டியலை வாங்கி, எந்த வீடு எதைத் தரும் என்று ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். நாங்கள் முதல் முறை எழுதாமல் விட்டதில் 6 சுவர்க் கடிகாரங்கள் வந்துசேர்ந்தன, வகுப்பறைகள் இரண்டுதான். வந்த பொருள் ஒவ்வொன்றும் அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏறியதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை செய்து வெளியூரில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் இதற்குத்தான் மனமுவந்து ஊர் திரும்புவார்கள். ரொக்கமாகக் கேட்டால் தயங்குகிறவர்கள்கூடத் தாம்பாளம் தூக்க வந்துவிடுகிறார்கள்.

குறை சொல்லும் முறை

முதலில் வகுப்பாசிரியர், பிறகு தலைமையாசிரியர், பிறகு குழு, அதன்பின் வட்டாரக் கல்வி அலுவலர். பொதுவான கல்விச் சந்தேகங்களுக்கும் புகார்களுக்கும் 14417 என்ற உதவி எண் இருக்கிறது. பிள்ளையை அடிப்பதும் மனம் நோகும்படி நடத்துவதும் சட்டத்தால் தடுக்கப்பட்டவை. "நன்றாக அடியுங்கள் சார், கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள்" என்று விளையாட்டாகச் சொல்லும் பழக்கத்தைப் பெற்றோரும் விட வேண்டும். பிள்ளையின் பாதுகாப்பைப் பற்றிய எதுவாக இருந்தாலும் இந்த வரிசைக்கெல்லாம் காத்திருக்காமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள். மற்ற குறைகளை வாட்ஸ்அப் குழுவில் எழுதாதீர்கள். இருவர் மட்டுமே வேலை பார்க்கும் இடத்தில் பெயர் சொல்லாமல் எழுதினாலும் யாரைச் சொல்கிறீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மார்ச்சும் ஏப்ரலும்

அண்மை ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளின் சேர்க்கை மார்ச்சிலேயே தொடங்கிவிடுகிறது. ஆசிரியர்கள் வீடு வீடாகப் போவார்கள், பிள்ளைகள் பதாகை பிடித்துத் தெருவில் பேரணி வருவார்கள். அந்த நாளில் நீங்களும் கூடப் போங்கள், குறிப்பாக உங்களைப்போல் புதிதாகக் குடிவந்த வீடுகளுக்கு; ஆசிரியரிடம் கேட்கத் தயங்கும் கேள்விகளை இன்னொரு தாயிடமோ தகப்பனிடமோ கேட்பார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கொண்டுதான் ஆசிரியர் பணியிடமே கணக்கிடப்படுகிறது என்பதால், கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளையும் உங்கள் பிள்ளையின் வகுப்புக்கும் சேர்த்தே கணக்காகிறது.

ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளையென்றால் மாற்றுச் சான்றிதழில் பெயரின் முதலெழுத்தும் பிறந்த தேதியும் ஆதாரில் இருப்பதுபோலவே இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள். எழுத்துப் பிழையைத் தொடக்கப் பள்ளியில் திருத்துவது எளிது, பத்தாம் வகுப்பில் கடினம்.

கடைசி வேலை நாளுக்கு முன் இன்னும் ஒரு காரியம் மிச்சமிருக்கிறது. மே மாத வெயிலில் பள்ளி பூட்டியிருக்கும்போது பிள்ளைகள் நட்ட புங்கையும் வேம்பும் வாடிப்போகும். வாயிற்கதவின் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டு வைத்துக்கொண்டு, வாரத்துக்கு இரண்டு குடும்பம் என்று தண்ணீர் ஊற்றும் முறையை எழுதி, சமையற்கூடத்துக் கதவில் ஒட்டிவிடுங்கள். முதல் வாரத்துக்கு உங்கள் பெயரையே போடுங்கள்.